எட்டாத இடத்தில் ஒரு ஷாக் அப்சார்பர்

மோட்டார் காரின் எடையைத் தாங்குவது எது என்று கேட்டால், ஷாக் அப்சார்பர் என்றே பலரும் விடை சொல்வர். அது சரியன்று. எடையைத் தாங்குபவை சுருள்வில்கள். ஷாக் அப்சார்பர் எனத் தொழிற்கூடங்களில் வழங்கும் தணிப்பானின் வேலை வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் காரின் அடியில் புகுந்து நட்டுகளைக் கழற்றுவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பெரிய கார்களின் பின்புறத்தில், கைக்கு எட்டாத மூலையில் தணிப்பான் அமைந்திருக்கும்போது இந்த அறிவு இன்னும் தேவையாகிறது.

அமெரிக்காவில் விற்பனையான ஃபோர்டு கிரௌன் விக்டோரியா என்னும் பெரிய காரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அந்நாட்டுக் காவல் துறையினரும் நியூயார்க் டாக்சி ஓட்டுநர்களும் பல ஆண்டுகள் பெரிதும் பயன்படுத்திய இக்காரின் உற்பத்தி 2011-இல் நின்றது. இதன் எடை ஏறத்தாழ 1,850 கிலோகிராம். பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சு இணைக்கிறது. அந்த அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே, பக்கத்துக்கு ஒன்றாக, சுருள்வில்களும் தணிப்பான்களும் உள்ளன. சில கார்களில் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்று அடைத்த ரப்பர்ப் பை இருக்கும்.

வில்லின் ஆட்டமும் தணிப்பும்

காரின் எடையால் ஒரு வில் 20 செ.மீ. அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை அந்த 0.2 மீட்டரால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 2π-ஆல் வகுத்தால் அலைவெண் கிடைக்கும். விடை, நொடிக்கு சுமார் 1.1 அலைவு. அதாவது, மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒருமுறை மேலும் கீழும் ஆடி முடிப்பதற்குள் 15 மீட்டர் கடந்துவிடும்.

இந்த ஆட்டத்தை அடக்குவதே தணிப்பானின் பணி. எண்ணெய் நிறைந்த உருளைக்குள் ஒரு பிஸ்டன் நகர்கிறது. பிஸ்டனிலுள்ள சிறு துளைகள், வால்வுகள் வழியே எண்ணெய் நெருக்கிப் பாய்கிறது. அப்போது இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. 500 நியூட்டன் விசையை எதிர்த்து நொடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் பிஸ்டன் நகர்ந்தால், 100 வாட் திறன் வெப்பமாகிறது. கரடுமுரடான சாலையில் ஓடிவந்த காரின் தணிப்பானைத் தொட்டால் சுடுவது இதனால்தான்.

நல்ல நிலையிலுள்ள தணிப்பான், ஒரு முழு அலைவுக்குள் ஆட்டத்தின் வீச்சை ஏழில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். எண்ணெய் கசிந்து தேய்ந்துபோனதிலோ, ஓர் அலைவுக்குப் பின்னும் முக்கால் பங்கு வீச்சு எஞ்சியிருக்கலாம். பயணிகளுக்கு ஏற்படும் அசௌகரியம் இங்குச் சிறிய செய்தி. பெரிய செய்தி சக்கரத்தைப் பற்றியது. டயரின் மீள்தன்மையால் சக்கரமும் அச்சும் தனியே, நொடிக்குப் பத்துமுறைக்கு மேல் துள்ளக்கூடும். ஒவ்வொரு துள்ளலிலும் டயர் சாலையை அழுத்தும் விசை குறைகிறது. அழுத்தம் குறைந்தால் உராய்வு குறையும். உராய்வு குறைந்தால் பிரேக் பிடிக்காது. இந்த மாற்றம் சிறிது சிறிதாக நிகழ்வதால் ஓட்டுநரின் கவனத்துக்கு எளிதில் வருவதில்லை. டயர் ஆங்காங்கே பள்ளமாகத் தேய்வதும், தணிப்பானின் மேல் எண்ணெய் வழிந்திருப்பதும் நல்ல எச்சரிக்கைகள்.

எட்டாமை ஏன்?

2003-க்கு முந்தைய கிரௌன் விக்டோரியாவில் பின் தணிப்பான்கள் அடிச்சட்டத்தின் நீளக் கம்பங்களுக்கு உட்புறம் இருந்தன. மேல்முனை நட்டு, அடிச்சட்டத்துக்கும் காரின் தரைத் தகட்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய இடத்தில் அமைந்தது. கண்ணால் பார்க்க முடியாமல் கையால் தடவியே ஸ்பேனரைப் பொருத்த வேண்டும். துருப்பிடித்த நட்டைத் திருப்பினால் தண்டும் சேர்ந்து சுழலும். எனவே தண்டின் நுனியை வேறொரு கருவியால் பிடித்துக்கொள்ள வேண்டும். துரு இளக எண்ணெயிட்டுக் காத்திருக்கலாம். தீச்சுடர் காட்டுதல் கூடாது. உள்ளே அடைபட்டிருக்கும் எண்ணெயும் வாயுவும் சூடேறினால் உருளை வெடிக்கக்கூடும்.

2003-இல் அடிச்சட்டம் மாற்றி அமைக்கப்பட்டபோது தணிப்பான்கள் கம்பங்களுக்கு வெளிப்புறம் வந்தன. வேலை எளிதாயிற்று. இதில் ஓர் இயற்பியல் ஆதாயமும் உண்டு. கார் பக்கவாட்டில் சாயும்போது, நடுக்கோட்டிலிருந்து தணிப்பான் எவ்வளவு தொலைவில் உள்ளதோ அந்த அளவுக்குப் பிஸ்டனின் வேகம் கூடும். வேகத்தோடு விசை கூடும். அவ்விசையின் திருப்புத்திறனும் அதே தொலைவைப் பொறுத்தது. ஆகவே சாய்வைத் தணிக்கும் ஆற்றல் தொலைவின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். தொலைவை 1¼ மடங்காக்கினால் பலன் ஒன்றரை மடங்கைத் தாண்டும்.

எந்த நட்டு எதைத் தாங்குகிறது?

கழற்றுமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவே. சுமார் 4,000 நியூட்டன் பளு ஏறி 20 செ.மீ. அமுங்கிய வில்லில் 400 ஜூல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. 40 கிலோகிராம் கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது ஏறக்குறையச் சமம்.

இக்காரில் அச்சு கீழே அளவுக்குமேல் தொங்கிவிடாமல் தடுத்து நிறுத்துவது தணிப்பானே. காரைத் தூக்கிவைத்து இரண்டு தணிப்பான்களையும் ஒருசேரக் கழற்றினால், அச்சு தாழ்ந்து வில்கள் இருப்பிடத்தை விட்டு நழுவலாம். பிரேக் குழாயும் இழுபடும். எனவே, அடிச்சட்டத்தை உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, அச்சுக்குத் தனியே முட்டுக் கொடுத்து, ஒருபுறம் முடிந்தபின் மறுபுறம் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் புகலாகாது. காற்றுப் பை உள்ள காராயின், தூக்குமுன் டிக்கியிலுள்ள சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

வேறு பல கார்களில் வில்லும் தணிப்பானும் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். பின்னிருக்கையை எடுத்தால்தான் மேல்முனை தெரியும். அங்கே நடுவிலுள்ள பெரிய நட்டே அமுங்கிய வில்லை அடக்கி வைத்திருக்கிறது. வில்லை இறுக்கிப் பிடிக்கும் கருவியின்றி அதைத் தளர்த்தினால் 400 ஜூலும் நம்மீது பாயும்.

புதியதைப் பொருத்தும்போது

வாயு அடைத்த தணிப்பான் கட்டை அவிழ்த்ததும் தானே நீளும். உள்ளழுத்தம் பிஸ்டனின் இருபுறமும் இருந்தாலும், தண்டு உள்ள புறத்தில் பரப்பு குறைவு. தண்டின் விட்டம் 1.2 செ.மீ., அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 20 மடங்கு எனில், வெளித்தள்ளும் விசை சுமார் 230 நியூட்டன். மேல்முனையை முதலில் துளையில் நுழைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ரப்பர் புஷ் வழியே போல்ட் செல்லும் முனையை, காரின் எடை சக்கரங்களில் நிற்கும் நிலையில்தான் முழுதும் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் நிரந்தரமாக முறுக்குண்டு விரைவில் கிழியும். இரு பக்கங்களையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஒருபுறம் விரைந்து அடங்கி மறுபுறம் ஆடிக்கொண்டிருந்தால் வளைவுகளில் கார் நிலை தடுமாறும்.

கைக்கு எட்டவில்லை என்பதற்காகத் தணிப்பானைத் தள்ளிப்போட்டால் பிரேக்கின் வலிமை குறைகிறது. அவசரப்பட்டுக் கழற்றினால் வில்லின் வலிமை நம்மேல் திரும்புகிறது. எந்த உறுப்பு எடையைத் தாங்குகிறது, எது அசைவை அடக்குகிறது என்று பிரித்தறிந்தபின் ஸ்பேனரை எடுப்பவருக்கு இரண்டு ஆபத்தும் இல்லை.