தளையும் தடையும்

யாப்பிலக்கணம் கற்பிக்கப் புகும்போதெல்லாம், "கவிதைக்குத் தளை எதற்கு?" என்று வினவும் மாணாக்கர் ஒருவரேனும் வகுப்பில் இருப்பர். தளை என்றாலே காலைப் பிணிக்கும் விலங்கு என்பது அவர் கருத்து. இவ்வினாவுக்கு விடை, இலக்கண நூலில் மட்டுமன்றி மலைச்சாலையிலும் உண்டு. பனி மூடிய நாடுகளிலே, பாரமேற்றிய லொறிகளின் சில்லுகளுக்குச் சங்கிலி பூட்டுகின்றனர். ஓடவேண்டிய சில்லுக்குச் சங்கிலியா என அன்பர்கள் வியக்கலாம். அச்சங்கிலி இல்லையேல் அச்சில்லு சுழலுமேயன்றி முன்னேறாது.

என்பாற் பயின்ற கண்டி மாணவர் ஒருவர் இன்று கனடாவிலே லொறிச் சாரதி. விடுமுறைக்கு வந்திருந்தபோது அவர் வாயிலாகவே இத்தொழிலின் நுட்பத்தை அறிந்தேன். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலே, குறித்த மலைச்சாலைகளில் ஒக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை செல்லும் 11,794 கிலோகிராமுக்கு மேற்பட்ட வணிக வாகனங்கள் சங்கிலியை உடன்கொண்டு செல்லல் வேண்டும் என்பது சட்டம். 1,244 மீற்றர் உயரத்துக்கு ஏறும் கொக்விஹல்லா நெடுஞ்சாலை அத்தகையது.

சங்கிலியைச் சிக்கலின்றி விரித்து, ரயரின்மேற் போர்த்தி, உட்புறக் கொக்கியை முதலிலும் வெளிப்புறக் கொக்கியைப் பின்னரும் மாட்டி இறுக்குவர். சிறிது தூரம் ஓட்டியபின் இறங்கி மீண்டும் இறுக்குவர். இயந்திரத்தின் விசை பெறும் சில்லுகளுக்கே அது முதற்கண் உரியது. பூட்டியபின் விரைந்தோடலாகாது, மணிக்கு 50 கிலோமீற்றருக்கு உட்பட்டே செல்லவேண்டும். பனியற்ற தரை வந்ததும் கழற்றிவிடல் வேண்டும். அன்றேல் சங்கிலியும் அறும், ரயரும் கெடும், சாலையும் பழுதுறும்.

"தம்பி, அக்குளிரிலே விரல்கள் விறைத்துப் போகாவா?" என்றேன்.

"விறைக்கும் ஐயா. ஆயினும் வழுக்கத் தொடங்கியபின் பூட்ட இயலாது. ஏற்றத்தின் அடியிலேயே பூட்டிவிட வேண்டும்" என்றார் அவர்.

வாகனத்தின் பாரம் மிகுந்தால் வழுக்காது என்று எண்ணுவது பொருந்தாது. ரயரால் அழுத்துண்ட பனி இறுகி வழவழப்பாகின்றது. ரப்பருக்கு அங்கே பற்றுக்கோடு இல்லை. சங்கிலியின் கண்ணிகளோ பனியைக் கடித்துப் பற்றுகின்றன. இச்சங்கிலிக்கு அமெரிக்கராகிய ஹரி வீட் என்பார் 1904ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றார். சேற்றிலும் பனியிலும் அகப்பட்ட சாரதிகள் ரயரிலே கயிறு சுற்றக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் உதித்தது என்பர்.

நம் கண்டியிலே வெண்பனி பெய்வதில்லை. ஆனால் இறக்கம் உண்டு; மழை உண்டு; பாரமேற்றிய லொறிகளும் உண்டு. 1820களிலே கப்டன் டோசன் முன்னின்று அமைத்த கொழும்பு – கண்டிச் சாலை, கடுகண்ணாவைக் கணவாயிலே செங்குத்தாக வீழ்கின்றது. 1867இலே புகையிரதம் கண்டியை எட்டும்வரை கோப்பி மூடைகளைச் சுமந்த மாட்டு வண்டிகள் இறங்கியதும் இவ்வழியே. மகியங்கனைச் சாலையின் 'பதினெட்டு வளைவு' இன்னும் கடிது.

இங்கே நமக்குச் சங்கிலியாவது தாழ்ந்த கியர். பிரேக்கை மட்டுமே நம்பி அழுத்திக்கொண்டு இறங்கினால், அது சூடேறிப் பற்றும் ஆற்றலை இழக்கும். இறக்கம் தொடங்குமுன்னரே கியரைத் தாழ்த்தினால், இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பாதி வழியிலே, விரைவு மிகுந்தபின் மாற்ற முயல்வது பேராபத்து. பனிநாட்டுச் சாரதி ஏற்றத்தின் அடியிலே செய்வதை, நம் சாரதி இறக்கத்தின் தலையிலே செய்யவேண்டும்.

இவ்வறிவு தமிழர்க்குப் புதியதன்று. புறநானூற்றின் 102ஆம் பாட்டிலே, பள்ளத்தில் இறங்கியும் மேட்டில் ஏறியும் செல்லும் வண்டிக்கு யாது நேருமோ என்றெண்ணி, உமணர் அடியிலே கட்டிச் செல்லும் சேம அச்சினை ஔவையார் உவமையாக்கினார். இடர் நேருமுன் எண்ணுவதே அவ்வுமணர் காட்டிய நெறி.

'முட்டுக்கட்டை' என்னுஞ் சொல்லையும் நோக்குக. இன்று அதனை இடையூறு என்னும் பொருளிலேயே வழங்குகின்றோம். ஏற்றத்திலே நின்ற லொறி பின்னோக்கி உருளாதபடி சில்லின்கீழ் இடும் கட்டையோ உயிர்களைக் காக்கின்றது. ஆனால் லொறி புறப்பட்டபின் அக்கல்லையோ கட்டையையோ சாலை நடுவே விட்டுச் செல்வோர் பலர். இரவிலே மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞனுக்கு அதுவே கூற்றுவனாகலாம். காத்த கட்டையைத் தன் கையாலேயே எடுத்து அப்புறப்படுத்துவதும் காவலின் பகுதியாகும்.

உரிய காலத்திலே பூட்டி, உரிய காலத்திலே கழற்றப்படும் கட்டு தடையன்று, அது பற்றுக்கோடு. வெண்டளை பிழைத்தால் வெண்பா நடவாது. தாழ்ந்த கியரை மறந்தால் லொறி நில்லாது. பின்னதிலே பிழை திருத்த வாய்ப்பில்லை என்பதை, மலைநாட்டில் வண்டியோட்டப் புகும் நம் இளைஞர்க்கு எடுத்துரைப்பது ஆசிரியர் கடனுமாகும்.