உலர் வலயத்தில் விதைப்புக் காலம்

வேளாண்மைக்கு நிலமும் நீரும் இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. இவ்விரண்டோடு எண்ணத்தக்க மூன்றாவது ஒன்றும் உண்டு. அதுவே காலம். போதிய மழை பெய்த ஆண்டிலும் பயிர் வாடுவதுண்டு. மழை குன்றிய ஆண்டிலும் களம் நிறைவதுண்டு. இதன் காரணத்தை, இலங்கையின் உலர் வலயத்திற் சிறு குளங்களின் கீழ் நெல் விளைக்கும் குடியானவர் பொருட்டு நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி தெளிவாகக் காட்டுகின்றது. அவ்வாராய்ச்சி கண்ட வெற்றியும் அதற்கு நேர்ந்த தடையும் ஒருங்கே நோக்கற்பாலன.

ஆண்டு மழைவீழ்ச்சி 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த பகுதி உலர் வலயம் எனப்படும். இலங்கையின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இதனுள் அடங்கும். உலகின் வறண்ட நாடுகள் பலவற்றோடு ஒப்பிடின் இங்கு பெய்வது சிறு மழையன்று. ஆயின் அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களிற் பெய்து ஓய்ந்துவிடுகின்றது. பங்குனி, சித்திரையிற் சில நாள் மழையுண்டு. அதன்பின் சோளகக் காற்று வீசி நிலத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். மண்ணின் இயல்பும் உழவனுக்குத் துணையாவதில்லை. இவ்வலயத்திற் பரந்து காணப்படும் செங்கபில மண் உலர்ந்தாற் கல்லென இறுகும். நனைந்தாற் கலப்பையில் ஒட்டிக்கொள்ளும். உழுதற்கேற்ற பதம் அதில் நிலைக்கும் நாட்கள் மிகச் சிலவே.

வட மத்திய மாகாணத்துச் சிற்றூர்களில் நெடுங்காலம் நிலவிய முறை யாது? முதல் மழை கண்டதும் குடியானவர் மேட்டுநிலச் சேனைகளிற் குரக்கன், சோளம் முதலியவற்றை விதைப்பர். வயல் வெறுமையாகக் கிடக்கும். குளத்தில் நீர் போதிய அளவு சேர்ந்த பின்னரே, பெரும்பாலும் மார்கழியளவில், வயலுக்கு நீர் பாய்ச்சிச் சேறாக்கி நெல் விதைப்பர். இதனால் விளைந்த இழப்பு மூவகைத்து. பருவமழையின் சிறந்த பகுதி பயிரில்லா வயலில் வீழ்ந்தது. அரிதிற் சேர்ந்த குளத்து நீரிற் கணிசமான பங்கு வயலைச் சேறாக்குவதிலேயே செலவாயிற்று. மழை ஓய்ந்த பின் வளர்ந்த பயிர் குளத்தையே முழுவதும் நம்பியிருந்தமையாற் சிறுபோகத்துக்கு நீர் எஞ்சவில்லை. குளம் நிறையாத ஆண்டிலோ விதைப்பே நிகழ்வதில்லை.

இந்நிலையை மாற்ற முயன்ற ஆராய்ச்சியாளர் மழையை அளக்கும் முறையையே முதலில் மாற்றினர். பல ஆண்டு மழையின் சராசரி, வறுமைப்பட்ட உழவனுக்கு உதவாத கணக்காகும். பெருவெள்ளம் வந்த ஓராண்டும் மழை பொய்த்த ஓராண்டும் சேர்ந்து நல்ல சராசரியைத் தரக்கூடும். அவ்விரண்டு ஆண்டிலும் அவன் விளைவை இழந்திருப்பான். ஆகவே நான்கு ஆண்டுகளில் மூன்றிலேனும் உறுதியாக எதிர்பார்க்கத்தக்க மழை எவ்வளவு என்பது கணிக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டில் நாட்டை 24 வேளாண் சூழல் பிரதேசங்களாகப் பிரித்த வரைபடம் இக்கணிப்பைப் பயன்கொண்டது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்திற் பிரதேசங்கள் 46 ஆயின. வட மத்திய மாகாணத்தில் நம்பத்தக்க மழை ஐப்பசியை ஒட்டியே தொடங்குகின்றது என்பது இத்தகைய கணிப்பாற் புலனாயிற்று.

நெல்லினங்களின் வளர்ச்சியும் இதற்குத் துணை நின்றது. 1958இல் வெளிவந்த எச்-4 மிகுந்த விளைவு தந்ததாயினும் நான்கு மாதங்களுக்கு மேற்பட்ட வயதுடையது. பின்னர்ப் பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தில் உருவான பீ.ஜீ. 34-8 போன்ற இனங்கள் மூன்று மாத அளவிலே முற்றுவன. இவை கிடைத்த பின், மழைக்காலத்துள்ளேயே ஒரு நெற்பயிரை முடித்துவிடலாம் என்ற எண்ணம் செயற்படத்தக்கதாயிற்று.

1970களின் பிற்பகுதியில் மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தார் இதனை அநுராதபுர மாவட்டத்து வலகம்பாகு என்னும் ஊரின் சிறு குளத்தின் கீழ்ச் சோதித்தனர். எஸ். எச். உபசேன முதலியோர் இம்முயற்சியில் ஈடுபட்டனர். குளம் நிறையும்வரை காத்திராது, முதல் மழையோடு உலர்ந்த நிலத்தைப் பண்படுத்தி மும்மாத நெல்லை விதைக்க வேண்டும். மழையே பயிரை வளர்க்கும். இடையில் மழை தவறினாற் குளத்து நீர் கைகொடுக்கும். மிஞ்சும் நீர் சிறுபோகத்துக்கு உரியதாகும். இவ்வகை விதைப்பு முற்றிலும் புதியதன்று. சிங்களக் குடியானவர் இதனைக் கெக்குலம் என அறிவர். யாழ்ப்பாணத்து மானாவாரி வயல்களிலும் புழுதியில் விதைத்து மழையை எதிர்நோக்கும் வழக்கம் பழையது. பழைய வழக்கைக் குளத்து நீரின் கணக்கோடு இணைத்தமையே புதுமை. குளத்தை முதற்பொருளாகக் கொள்ளாது சேமநிதியாகக் கொண்டமையால், ஒரு போகமே உறுதியற்றிருந்த அவ்வூரில் இரு போகம் விளைந்தது.

ஆயினும் இம்முறை ஏனைய ஊர்களில் வேரூன்றிப் பரவவில்லை. இதனை அறியாமையின் விளைவு எனக் கூறுதல் பொருந்தாது. முதல் மழை பெய்யும் நாட்களே சேனை விதைப்புக்கும் உரியவை. ஒரு குடும்பத்தின் உழைப்பு இரண்டிடத்தில் ஒரே வேளையில் நிற்றல் இயலாது. சேனையோ குளம் வற்றிய ஆண்டிலும் உணவளிக்கும் காப்பு. உழவெருதும் உழவு இயந்திரமும் இல்லாதவன் பதமான சில நாட்களுள் உழுது முடிப்பதெங்ஙனம்? சேறாக்காத வயலிற் களை மிகும். அதனைப் பிடுங்கக் கூலியும் வேண்டும். மேலும், ஒரு குளத்தின் கீழ் விதைப்புநாளை ஒருவன் தனித்துத் தீர்மானிக்க முடியாது. கமக்காரர் கூடியே முடிவு செய்தல் வேண்டும். முதல் மழை பொய்த்து முளை கருகினால் விதைநெல்லை இழப்பவன் உழவனேயன்றி ஆராய்ச்சியாளன் அல்லன்.

ஆராய்ச்சியாளர் மழையின் காலத்தைச் சரியாகக் கணித்தனர். குடியானவனோ தன் உழைப்பின் காலத்தையும் சேர்த்துக் கணித்தான். இரண்டு கணக்கும் பொருந்தும்போதே ஆராய்ச்சி வயலிற் பலிக்கும். மகா இலுப்பள்ளமவிலிருந்து வெளிவந்த எம்.ஐ. என்னும் எழுத்துக்களைத் தாங்கிய மிளகாய், பயறு முதலியவற்றின் இனங்கள் உழவர் நடுவே எளிதிற் பரவின. அவை பழைய வாழ்வொழுங்கைக் குலைக்காது அதனுள்ளே புகுந்தன. விதையை மாற்றுதல் எளிது. விதைக்கும் நாளை மாற்றுதல் ஊரையே மாற்றுதலாகும்.

2016-17ஆம் ஆண்டுப் பெரும்போகத்தில் மழை பொய்த்தபோது உலர் வலயத்து வயல்கள் பல விதைப்பின்றிக் கிடந்தன. நாட்டின் நெல்விளைவு பெரிதும் குன்றியது. பருவங்கள் தடுமாறும் இக்காலத்தில் வலகம்பாகு எழுப்பிய வினா மீண்டும் உயிர் பெறுகின்றது. மழைக் கணிப்பு, உழவுக் கருவி, களையடக்கல், பயிர் தவறின் ஈடு ஆகியவை ஒருங்கே கிடைப்பின், முதல் மழையை வீணாக்காத உழவு கைகூடும். அதற்கு ஆய்வுகூடத்து அறிவும் வயலறிவும் ஒன்றையொன்று மதித்து ஒரே வரப்பில் நிற்றல் வேண்டும்.