கிளம்பிப் போகாத சிஸ்டர்கள்... எபோலா ஊர்களில் நடந்தது என்ன?

உங்களுக்குக் காய்ச்சல். பக்கத்து கிளினிக்குக்குப் போறீங்க. நர்ஸ் ஊசி போடுறாங்க. போட்டு முடிச்சதும் அதே ஊசியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் அலசு அலசிட்டு, வரிசையில் உங்களுக்குப் பின்னாடி நிற்கிறவருக்குப் போடுறாங்க. கேட்கும்போதே பகீர்னு இருக்குல்ல?

இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கு 1976-ல் ஜைர் என்று பெயர். அதன் வடக்கே, யம்புக்கு என்ற கிராமத்தில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் இது தினசரி நடைமுறை. காலையில் ஐந்து ஊசிகளும் சிரிஞ்சுகளும் நர்ஸ்கள் கைக்கு வரும். வெளியிலிருந்து வரும் நோயாளிகள், செக்கப்புக்கு வரும் கர்ப்பிணிகள், வார்டில் படுத்திருப்பவர்கள் என்று அத்தனை பேருக்கும் அந்த ஐந்துதான். நாள் முடிந்ததும் சில சமயம் கொதிக்க வைப்பார்கள். சில சமயம் அதுவும் கிடையாது.

ஆஸ்பத்திரியை நடத்தியவர்கள் பெல்ஜியத்திலிருந்து வந்த கத்தோலிக்க சிஸ்டர்கள். அந்த மக்களோடு அந்தக் காட்டுக்குள்ளேயே வாழ்ந்தவர்கள். 120 படுக்கைகள், மொத்தம் 17 மருத்துவப் பணியாளர்கள். டாக்டர் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் சுமார் 60,000 பேருக்கு வைத்தியம் என்றால் இந்த ஆஸ்பத்திரிதான். ஐந்து ஊசி ஏன் என்று இப்போது ஓரளவு புரியும். நடந்ததை அது நியாயப்படுத்திவிடாது, புரியும், அவ்வளவுதான்.

சிஸ்டர்னா யாரு?

நம்ம ஊர்ல நர்ஸையும் ‘சிஸ்டர்’னுதான் கூப்பிடுறோம், கன்னியாஸ்திரியையும் ‘சிஸ்டர்’னுதான் கூப்பிடுறோம். ஆப்பிரிக்க மிஷன் வரலாற்றில் பல இடங்களில் ரெண்டும் ஒரே ஆள்தான்.

ஒரு துறவற சபையில் சேரும் பெண், சில வருடப் பயிற்சிக்குப் பிறகு மூன்று வார்த்தைப்பாடுகள் கொடுக்கிறார்: கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். ஏழ்மை என்றால் தனக்கென்று சம்பளமோ சொத்தோ வைத்துக்கொள்வதில்லை. வருவதெல்லாம் சபையின் பொதுப் பெட்டிக்கு. கீழ்ப்படிதல் என்றால் சபை எங்கே அனுப்புகிறதோ அங்கே போவது. மிஷனரி சபை என்றால் அந்த ‘எங்கே’ பெரும்பாலும் கடல் தாண்டி இருக்கும். போன பிறகு அந்த ஊர் மொழியைக் கற்க வேண்டும். வடக்கு காங்கோ என்றால் லிங்காலா, மலாவி என்றால் சிச்சேவா. விடியற்காலை ஜெபம், அப்புறம் டிஸ்பென்சரி, பிரசவ வார்டு, பள்ளிக்கூடம், தையல் வகுப்பு, சாயங்காலம் மறுபடி ஜெபம். இப்படியே இருபது வருஷம், முப்பது வருஷம்!

ஒரு விஷயம் கேட்டா ஆச்சர்யப்படுவீங்க. பிரசவம் பார்க்க சிஸ்டர்களுக்குத் திருச்சபைச் சட்டம் ரொம்ப காலம் அனுமதி தரவில்லை. கன்னியர்களுக்கு அது தகாத வேலை என்பது அன்றைய எண்ணம். அதனால் பக்கத்து அறையில் ஒரு பெண் பிரசவ வலியில் துடித்தாலும், மருத்துவம் தெரிந்த சிஸ்டர் தள்ளி நிற்க வேண்டியிருந்தது. 1936 பிப்ரவரியில்தான் வாடிகன் இதை மாற்றியது. அடுத்த வருடமே அயர்லாந்தைச் சேர்ந்த மேரி மார்ட்டின் என்ற பெண் இதற்காகவே ஒரு மருத்துவ மிஷனரி சபையைத் தொடங்கினார். நைஜீரியாவில், உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி வார்த்தைப்பாடு கொடுத்தார். ஆப்பிரிக்க கிராமங்களில் பிரசவ வார்டுகளும் சிஸ்டர்களும் இவ்வளவு நெருக்கமானது அதற்குப் பிறகுதான்.

இந்த ஆஸ்பத்திரிகள் எல்லாமே அன்பால் மட்டும் முளைத்தவை என்று நினைத்துவிடாதீர்கள். காங்கோ 1960 வரை பெல்ஜியத்தின் காலனி. ரப்பரையும் செம்பையும் அள்ளிப் போன அதே ஆட்சி, கல்வியையும் மருத்துவத்தையும் பெருமளவு மிஷன்களின் தலையில் கட்டிவிட்டது. சுதந்திரம் வந்தபோது உள்ளூர் டாக்டர்கள் அநேகமாக யாருமே இல்லை. யம்புக்குவில் டாக்டர் இல்லாததற்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கு.

கயிறு கட்டிய வீடு

1976 ஆகஸ்ட் 26. யம்புக்கு மிஷன் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் காய்ச்சலோடு வந்தார். மலேரியாவாக இருக்கும் என்று குளோரோகுயின் ஊசி போட்டார்கள். செப்டம்பர் 8-ம் தேதி அவர் இறந்தார். அதற்குள் அந்த ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்ட பலருக்கும் அதே காய்ச்சல், வாந்தி, ரத்தக்கசிவு. பிறகு அவர்களைக் கவனித்துக்கொண்டவர்களுக்கு. பிறகு நர்ஸ்களுக்கு, சிஸ்டர்களுக்கு. 17 பணியாளர்களில் 11 பேர் இறந்துபோக, செப்டம்பர் 30-ம் தேதி ஆஸ்பத்திரியை மூடினார்கள்.

நோயுற்ற சிஸ்டர்களைத் தலைநகர் கின்ஷாசாவுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். அங்கே அவர்களைப் பராமரித்த மயிங்கா என்ற காங்கோ நாட்டு இளம் நர்ஸுக்கும் தொற்றியது. அவரும் இறந்தார். அவர் உடலிலிருந்து எடுத்த வைரஸ் வகைக்கு இன்றும் ஆய்வகங்களில் ‘மயிங்கா’ என்றுதான் பெயர். சிஸ்டர்களைப் பற்றிப் பேசும் பல கட்டுரைகளில் இந்தப் பெண்ணைக் காணோம். அதனால்தான் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு சிஸ்டரின் ரத்த மாதிரி, சாதாரண நீல நிற தெர்மாஸ் பிளாஸ்கில், பயணிகள் விமானத்தில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகருக்குப் போனது. பிளாஸ்கைத் திறந்தால் ஐஸ் உருகி, இரண்டு குப்பிகளில் ஒன்று உடைந்து கிடந்தது! அதைக் கையாண்ட குழுவில் இருந்தவர் 27 வயது பீட்டர் பியோ. பின்னாளில் ஐ.நா-வின் எய்ட்ஸ் திட்டத்துக்குத் தலைவரானவர் இவர்தான்.

பியோவும் மற்ற ஆராய்ச்சியாளர்களும் யம்புக்கு போய்ச் சேர்ந்தபோது, உயிரோடு இருந்த சிஸ்டர்கள் விருந்தினர் விடுதியைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். இதைத் தாண்டி வந்தால் சாவு என்று லிங்காலாவில் ஓர் எச்சரிக்கையும் தொங்கியது. தொற்று பரவாமல் தடுக்க ஒரு வளையம் போட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அவர்களிடம் இருந்தது கயிறுதான். அதற்குள்ளேயே உட்கார்ந்து தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். பியோ கயிற்றைத் தாண்டிக் குதித்து, அவர்களுடைய தாய்மொழியில் பேசியதும் அழுதுவிட்டார்கள்.

அதன் பிறகுதான் கஷ்டமான பகுதி. கிராமம் கிராமமாகப் போய் யார் யாருக்கு, எப்போது தொற்றியது என்று குறித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் துருத்திக்கொண்டு நின்றது. இளம் பெண்கள், அதிலும் கர்ப்பிணிகள், அதிகமாக இருந்தார்கள். கர்ப்பகால செக்கப்புக்கு வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் வைட்டமின் ஊசி போடுவது வழக்கம். அந்த ஐந்து ஊசிகள்! ஊசியால் மட்டுமே தொற்றியதாகக் கண்டறியப்பட்ட 85 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. மொத்தம் 318 பேருக்குத் தொற்று, 280 மரணங்கள்.

இதை அந்த சிஸ்டர்களிடம் எப்படிச் சொல்வது? தோழிகளைப் பறிகொடுத்துவிட்டு, தாங்களும் சாகப்போகிறோம் என்று காத்திருந்தவர்களிடம்? சொன்னார்கள். ஆனால், வார்த்தைகளை அளவுக்கு மீறிப் பார்த்துப் பார்த்துப் பேசிவிட்டோம் என்று பியோ பல ஆண்டுகள் கழித்து ஒரு பேட்டியில் சொன்னார். எனக்கு அவர் சொன்னது சரின்னுதான் படுது. நல்ல மனசோடு செய்கிறவர்களிடம் தவறைச் சொல்ல நமக்கு நாக்கு எழுவதில்லை. அடுத்த ஊரில், அடுத்த ஆஸ்பத்திரியில் அதற்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

வைரஸுக்கு யம்புக்கு என்றே பெயர் வைத்தால் ஊர் காலத்துக்கும் களங்கப்படும் என்று, கொஞ்ச தூரம் தள்ளி ஓடும் ஆற்றின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். எபோலா.

கிக்விட், 1995

19 வருடம் கழித்து, அதே நாடு. கின்ஷாசாவுக்குக் கிழக்கே சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி கிக்விட் நகரம். ஏப்ரல் மாதம், ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன் ஒருவருக்குக் கடும் வயிற்றுவலி. டைபாய்டு முற்றிக் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம் என்று ஆபரேஷன் செய்தார்கள். அது எபோலா.

அந்த ஆபரேஷன் தியேட்டரில் நின்றவர்களில் ஒருவர் சிஸ்டர் ஃபுளோரால்பா ரோண்டி. இத்தாலியின் பெர்கமோ நகரில் 1869-ல் தொடங்கப்பட்ட ‘ஏழைகளின் சிஸ்டர்கள்’ சபையைச் சேர்ந்தவர். 1952-லேயே காங்கோவுக்கு வந்துவிட்டவர். அதாவது, பிறந்த நாட்டில் இருந்ததைவிட இங்கே இருந்த வருடங்கள்தான் அதிகம். ஏப்ரல் 25-ம் தேதி அவர் இறந்தார். எபோலா என்று இன்னும் யாருக்கும் தெரியாத நேரம் அது. அடுத்து கிளராஞ்செலா கிலார்டி, டானியலாஞ்செலா சோர்ட்டி, டினரோசா பெல்லேரி, அன்னெல்விரா ஒசோலி, விட்டரோசா சோர்சா. மே 28-க்குள் ஒரே சபையில் ஆறு பேர்.

இதில் அன்னெல்விரா கதை கொஞ்சம் வேறு. இவர் மருத்துவச்சி. ஆப்பிரிக்காவில் சபைக்குப் பொறுப்பாளராக இருந்ததால் கின்ஷாசாவில் இருந்தார். கிக்விட்டில் தன் சிஸ்டர்கள் நோயில் விழுகிறார்கள் என்று தெரிந்ததும் அங்கே கிளம்பிப் போனார். விட்டரோசாவும் அப்படித்தான், உதவிக்கு என்று போனவர். எல்லாரும் ஊரைவிட்டு வெளியேறத் துடிக்கும் நேரத்தில் உள்ளே போவது... கொரோனா முதல் அலையை நினைச்சுப் பாருங்க, அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியும்.

ஏன் போனார்கள்? வீரம், தியாகம்னு ஒரே வார்த்தையில் முடிச்சிடலாம். எனக்கு அதைவிட எளிமையான காரணம் ஒண்ணு தோணுது. நாற்பது வருஷம் ஒரு ஊரில் பிரசவம் பார்த்தவருக்கு அது ‘போய்விட்டு வந்த இடம்’ கிடையாது. அவர் கையில் பிறந்த குழந்தை வளர்ந்து, இன்னொரு குழந்தையோடு வந்து வரிசையில் நிற்கும். அங்கிருந்து கிளம்பி எங்கே போவது?

கிக்விட்டில் மொத்தம் 315 பேருக்குத் தொற்று. அதில் 80 பேர் மருத்துவப் பணியாளர்கள், பெரும்பாலும் காங்கோ நாட்டவர். மே மாதத்தில் கிளவுஸ், மாஸ்க், கவுன் வந்து, அவற்றைப் போடவும் கழற்றவும் பயிற்சி கொடுத்த பிறகு, பணியாளர்களுக்குத் தொற்றுவது கிட்டத்தட்ட நின்றேபோனது. நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும் அதே கிளவுஸ். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால்? 2021-ல் வாடிகன் அந்த ஆறு சிஸ்டர்களையும் ‘வணக்கத்துக்குரியவர்கள்’ என்று அறிவித்தது, புனிதர் பட்டத்துக்கான படிகளில் ஒன்று இது. அந்த கிளவுஸ் கணக்கையும் யாராவது பக்கத்தில் எழுதி வைத்தால் நல்லது.

பாஸ்போர்ட் இல்லாத சிஸ்டர்

இதுவரை பார்த்தது ஐரோப்பாவிலிருந்து வந்த சிஸ்டர்களை. ஆனால், காலம் மாறிவிட்டது. ஐரோப்பாவில் சபைகளில் சேருபவர்கள் குறைந்து, ஆப்பிரிக்காவில் கூடிக்கொண்டே போகிறார்கள். இன்று ஆப்பிரிக்காவில் ஒரு ‘மிஷனரி சிஸ்டர்’, இன்னொரு ஆப்பிரிக்க நாட்டிலிருந்து வந்த பெண்ணாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

2014-ல் லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில், செயின்ட் ஜோசப் கத்தோலிக்க ஆஸ்பத்திரியில் அப்படித்தான் இருந்தது. ஆஸ்பத்திரியின் இயக்குநர், கேமரூனைச் சேர்ந்த பிரதர் பேட்ரிக், காய்ச்சலில் விழுந்தார். முதல் டெஸ்ட்டில் எபோலா இல்லை என்று வந்தது. நம்பிக் கவனித்துக்கொண்டார்கள். ரிசல்ட் தப்பு. ஆகஸ்ட் 2-ம் தேதி அவர் இறந்தார், கூட இருந்தவர்களும் வரிசையாகப் படுத்தார்கள்.

ஸ்பெயின் அரசு தனி விமானம் அனுப்பியது. அதில் ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் மிகேல் பஹாரெஸும், ஸ்பெயின் குடியுரிமை வைத்திருந்த சிஸ்டர் ஹூலியானா பொனோஹாவும் ஏற்றப்பட்டார்கள். அதே ஆஸ்பத்திரி, அதே சபை, அதே வேலை செய்த இன்னும் இரண்டு சிஸ்டர்கள் ஏற்றப்படவில்லை. காங்கோவைச் சேர்ந்த சான்டால் பாஸ்கலின், எக்குவடோரியல் கினியாவைச் சேர்ந்த பாசியென்சியா மெல்கர். ஸ்பெயின் குடிமக்களை மட்டும்தான் அழைத்துப் போக முடியும் என்பது அரசின் பதில். இத்தனைக்கும் எக்குவடோரியல் கினியா 1968 வரை ஸ்பெயினின் காலனி!

சான்டால் சில நாள்களில் இறந்துபோனார். மட்ரிட் போய்ச் சேர்ந்த பாதிரியாரும் பிழைக்கவில்லை. மன்ரோவியாவின் எபோலா சிகிச்சை மையத்தில் விடப்பட்ட பாசியென்சியா பிழைத்துக்கொண்டார்.

இப்போது அவர் உடம்பில் எபோலாவை எதிர்த்து நின்ற ஆன்டிபாடிகள். செப்டம்பரில் ஸ்பெயினைச் சேர்ந்த இன்னொரு மிஷனரி, மனுவேல் கார்சியா வியெஹோ, சியரா லியோனிலிருந்து எபோலாவோடு மட்ரிட் கொண்டுவரப்பட்டார். ஆகஸ்ட்டில் விமானத்தில் இடம் கிடைக்காத பாசியென்சியாவுக்கு, இந்த முறை ஸ்பெயினுக்கு வர வழி கிடைத்தது. பிளாஸ்மா கொடுக்கத்தான் வந்தார். அதற்குள் கார்சியா இறந்துவிட்டார். அவருக்கு சிகிச்சை அளித்த குழுவில் இருந்த உதவி நர்ஸ் தெரசா ரொமேரோவுக்குத் தொற்றியது. இந்தப் பரவலில் ஆப்பிரிக்காவுக்கு வெளியே எபோலா தொற்றிய முதல் ஆள் அவர்தான்.

பாசியென்சியாவின் பிளாஸ்மாவைத் தெரசாவுக்கு ஏற்றினார்கள். கூடவே வைரஸ் எதிர்ப்பு மருந்தும் கொடுத்தார்கள் என்பதால், காப்பாற்றியது எது என்று பிரித்துச் சொல்ல டாக்டர்களால் முடியவில்லை. நவம்பர் 5-ம் தேதி தெரசா டிஸ்சார்ஜ் ஆனார்.