ஐம்பது வயதும் அம்பத்தூர்த் தொழிலாளியும்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லிச் சாலையிலும் எழும்பி வரும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாயிலில், காவல் உடுப்பு அணிந்து, வண்டிகளுக்குக் கதவு திறந்துவிடும் முதியவர்களை நேயர்கள் கண்டிருக்கக் கூடும். அவர்களோடு இரண்டு நிமிஷம் பேச்சுக் கொடுத்தால் ஓர் உண்மை வெளிப்படும். அவர்களிற் சிலர் நேற்றுவரை தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பண்டம் தள்ளுபடியாகும் என்ற கண்டிப்புக்குள் முப்பது வருஷம் இரும்பைக் கடைந்து கொடுத்தவர்கள். காவல் வேலை இழிவானதென்பது நம் கருத்தன்று. நேர்மையாய்ச் செய்யும் எத்தொழிலும் மதிப்புக்குரியதே. ஆயினும், தேடற்கரிய கைத்திறன் ஒன்று ஐம்பத்தெட்டு வயதில் கதவோரத்தில் உட்கார்ந்து வீணாவதை அக்குடும்பத்தின் நஷ்டமாக மட்டுமன்றி, தேசத்தின் நஷ்டமாகவும் நாம் கருதுகிறோம்.

இந்த மண்ணுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1955-ஆம் வருஷம் ஜனவரியில் தேபர் தலைமையில் ஆவடியிற் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச மாதிரியான சமுதாயமே இந்நாட்டின் இலட்சியம் என்று தீர்மானித்தது. காமராஜர் அப்போது ராஜ்யத்தின் முதன்மந்திரி. அத்தீர்மானத்தின் பின் பத்தாண்டுக்குள் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படை உடைத் தொழிற்சாலையும் அமைந்தன. கிண்டியைப் பின்பற்றி 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் பிறந்தது. கிராமத்திலிருந்து பையன்களாக வந்தவர்கள் இங்கே ஃபிட்டர்களும் டர்னர்களும் வெல்டர்களும் ஆனார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதைப் பற்றி அன்று ஆழ்ந்து யோசித்தார்கள். அவர்கள் கிழவர்களாகும் காலத்தைப் பற்றி அவ்வளவு யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒரே ரயில் பாதையில் சில ஸ்டேஷன்கள் இடைவெளியில் இரண்டு விதமான முதுமை வளர்ந்திருப்பதே இப்பகுதியின் விசேஷம். 2004-ஆம் வருஷத்துக்கு முன் ஆவடிச் சர்க்கார் தொழிற்சாலையிற் சேர்ந்தவர் அறுபது வயதில் ஓய்வு பெற்றால், கடைசிச் சம்பளத்திற் பாதியும் அதன்மேல் பஞ்சப்படியும் ஆயுள் உள்ளவரை வரும். அவருக்குப் பின் சேர்ந்தவருக்கு அவ்வுறுதி இல்லை. அவர் தேசிய பென்ஷன் திட்டத்தைச் சார்ந்தவர். 2021 அக்டோபர் முதல் தேதியில் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது, ஊழியர்கள் தொடக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு அயற்பணியில் இருப்பவர்களாகப் பாவிக்கப்பட்டார்கள். ஆவடியின் ஐம்பது வயதினரையும் கவலை தொட்டுவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அம்பத்தூரின் கதை வேறு. இங்கே பெரிய கம்பெனிகளும் உண்டு. பத்துப் பேரும் பதினைந்து பேரும் வேலை செய்யும் பட்டறைகளும் உண்டு. சேமநிதிச் சட்டம் 1952-இல் வந்தது; ஆனால் இருபது பேருக்குக் குறைந்த பட்டறையை அது பொதுவாகக் கட்டுப்படுத்துவதில்லை. பணிக்கொடைக்குப் பத்துப் பேர் வேண்டும். ஆகவே தொழிலாளி இளமையில் எந்தப் பட்டறை வாசலில் நுழைந்தான் என்பதே அவனுடைய முதுமையைப் பெரும்பாலும் தீர்மானித்து விடுகிறது.

சட்டத்துக்குட்பட்ட இடத்தில் வேலை செய்தவனும் தன் கையாலேயே தன் பென்ஷனை அழித்துக்கொள்வதை நாம் காண்கிறோம். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1995 நவம்பரில் ஏற்பட்ட பென்ஷன் திட்டத்தின்படி, பத்து வருஷச் சேவை இருந்தால்தான் மாதப் பென்ஷன் உண்டு. அம்பத்தூர்த் தொழிலாளியோ இருநூறு ரூபாய் கூலி உயர்வுக்காகப் பட்டறை மாறுகிறவன். மாறும்போதெல்லாம் சேமநிதியோடு பென்ஷன் தொகையையும் சேர்த்து வாங்கி, தங்கை கலியாணத்துக்கோ வீட்டு முன்பணத்துக்கோ செலவிட்டு விடுகிறான். வாங்கிய அக்கணமே அதுவரை சேர்ந்த சேவைக் காலமும் கரைந்துபோகிறது. ஆறு வருஷம் ஓரிடம், எட்டு வருஷம் ஓரிடம், ஒன்பது வருஷம் ஓரிடம் என்று இருபத்து மூன்று வருஷம் உழைத்தவன் ஒரு காசு பென்ஷனின்றி நிற்பது இவ்வாறுதான். பணத்தை எடுக்காமல், பழைய கணக்கைப் புதிய கணக்கோடு இணைத்திருந்தாலோ, ஸ்கீம் சர்டிபிகேட் என்னும் சேவைச் சான்றை வாங்கி வைத்திருந்தாலோ அத்தனை வருஷமும் ஒன்றாய்ச் சேர்ந்திருக்கும்.

பென்ஷன்தான் எவ்வளவு என்று கேட்பீர்கள். பென்ஷனுக்குரிய சம்பளத்தைச் சேவை வருஷத்தாற் பெருக்கி எழுபதால் வகுப்பது கணக்கு. கணக்கிற் கொள்ளும் சம்பளத்துக்கு 2014 செப்டம்பரில் வைத்த வரம்பு 15,000 ரூபாய். அவ்வரம்புப்படி பன்னிரண்டு வருஷச் சேவைக்கு மாதம் 2,571 ரூபாய் கிடைக்கும். முப்பத்தைந்து வருஷத்துக்குக் கணக்கிட்டாலும் 7,500 ரூபாய்தான். இதற்குப் பஞ்சப்படி கிடையாது. அரிசி விலை ஏறினாலும் இது ஏறாது. ஐம்பது வயதிலேயே இதைப் பெறத் தொடங்கலாமென்று விதி இருப்பது உண்மை. ஆனால் ஐம்பத்தெட்டுக்குக் குறையும் ஒவ்வொரு வருஷத்துக்கும் நூற்றுக்கு நான்கு வீதம் ஆயுள் முழுவதும் குறைத்துக்கொள்வார்கள். மாறாக, ஐம்பத்தெட்டுக்குப் பின் இரண்டு வருஷம் காத்திருப்பவனுக்கு அதே வீதம் கூடும். உடம்பில் வலுவும் கையில் வேலையும் உள்ளவன் அவசரப்படலாகாது.

ஐம்பது வயதில் திட்டமிடுவது காலம் கடந்ததா? சில கதவுகள் மூடிவிட்டன என்பதை ஒளிப்பதற்கில்லை. அடல் பென்ஷன் யோஜனாவில் நாற்பது வயதுக்குமேல் புதிதாகச் சேர முடியாது. அமைப்புசாராத் தொழிலாளருக்கு அறுபதில் மாதம் 3,000 ரூபாய் தருவதாக 2019-இல் தொடங்கிய திட்டத்துக்கும் அதே வரம்புதான். பென்ஷனைப் பற்றிச் சிந்தனை பிறக்கும் வயதில் பென்ஷன் கதவைச் சாத்துவது எந்த விவேகமோ, நமக்கு விளங்கவில்லை. எனினும் தேசிய பென்ஷன் திட்டம் ஐம்பதுக்குப் பின்னும் திறந்தே இருக்கிறது. முப்பது வருஷச் சேவையும் 20,800 ரூபாய்ச் சம்பளமும் உள்ளவருக்கு, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் வீதம், பணிக்கொடை 3,60,000 ரூபாய் ஆகிறது. அது கைக்கு வந்ததும் உறவினரும் சீட்டுக் கம்பெனிக்காரரும் வாசலுக்கு வருவார்கள். ஐம்பத்தைந்துக்கு மேற்பட்டு ஓய்வு பெற்றவர், பணம் வந்த மூன்று மாதத்துக்குள் தபாலாபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம். அறுபது வரை காத்திருக்கத் தேவையில்லை. ஐந்து வருஷமாவது ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து, அதிலிருக்கும்போதே ஓய்வு பெற்றவருக்கு வருஷத்துக்கு 120 ரூபாய் செலுத்தினால் தமக்கும் தம் மனைவிக்கும் வைத்திய உதவி தொடரும். நூற்றிருபது ரூபாய்! இச்செய்தி அம்பத்தூர் டீக்கடைகளில் ஒட்டப்பட வேண்டியதொன்று.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பேட்டையின் ஆடைக் கம்பெனிகளில் தைக்கும் சகோதரிகள் கலியாணத்துக்கு ஒருமுறை, பிரசவத்துக்கு ஒருமுறை, மாமியார் நோய்க்கு ஒருமுறை வேலையை விட நேர்கிறது. ஒவ்வொரு முறையும் கணக்கு முடிக்கப்படுகிறது. ஆணுக்குச் சொன்ன எச்சரிக்கை அவர்களுக்கு இரட்டிப்பாய்ப் பொருந்தும்.

பணத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் வேலை நின்றவனுக்குப் பகல் மிக நீளமானது. வீட்டில் அவனுக்கென்று ஓர் இடம் இருப்பதில்லை. மருமகள் கூடத்தைப் பெருக்கும்போது திண்ணைக்குப் போகிறான், இக்காலத்து வீட்டில் திண்ணையும் இல்லாதபடியால் தெருவுக்குப் போகிறான். அவன் கேட்பது ஓய்வன்று; தன் அளவுக்கேற்ற வேலை. கம்ப்யூட்டர் யந்திரங்கள் வந்துவிட்டபின் பழைய டர்னருக்கு என்ன வேலை என்று சில முதலாளிகள் கேட்கிறார்கள். யந்திரம் கடையும், ஆனால் கடையும் சத்தத்தைக் கேட்டே உளி மழுங்கியதென்று அறிவதையும், பண்டத்தை எப்படிப் பிடித்தால் வளையாதென்று காண்பதையும் புதுப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? பேட்டையிலேயே, நல்ல ஆள் கிடைப்பதில்லை என்று ஒருபுறம் முறையிட்டுக்கொண்டு, மறுபுறம் நல்ல ஆளை வயதைக் காட்டி வெளியே அனுப்புகிறார்கள்.

ஆகையால் முதலாளிகளுக்கு நாம் கூறுவது இது. ஐம்பத்தைந்து கடந்த கைத்தேர்ந்த தொழிலாளியை மூன்று வருஷத்துக்குப் படிப்படியாக யந்திரத்திலிருந்து எடுத்து, அப்ரண்டிஸ்களுக்கு மேலே அமர்த்துங்கள். ஓய்வுக்குப் பின்னும் வாரத்தில் மூன்று நாள், அரைநாள் வேலையாகக் கூப்பிடுங்கள். சர்க்காருக்கு நாம் கூறுவது, அம்பத்தூர் ஐ.டி.ஐ. போன்ற ஸ்தாபனங்களில் இவர்களைக் கௌரவ உபாத்தியாயர்களாக ஏற்க வேண்டும் என்பது. பள்ளியிற் படியாமல் பட்டறையிற் கற்றவருக்குத் திறமைச் சான்று வழங்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அச்சான்று இளைஞனுக்கு வேலை தேடித்தர மட்டும் பயன்பட்டால் போதாது.

தொழிலாள நண்பருக்கு ஒரு வார்த்தை. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றுவதற்குக் காரணமாயிருந்த பெரம்பூர்ப் பெரிய ஆலை 1996-இல் மூடப்பட்டது. ஐம்பத்தெட்டு வரையில் ஆலை இருக்குமென்று நம்பி உட்காருவது தகாது. ஐம்பதாம் பிறந்த நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மனைவியையும் உடன் வைத்துக்கொண்டு, வேலை செய்த பட்டறைகளின் பெயர்களையும் ஒவ்வொன்றின் சேமநிதி எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். விட்டுப்போன எண் எதுவென்று அன்றே தெரிந்துவிடும். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சேமநிதியின் அம்பத்தூர் வட்டார அலுவலகத்துக்குப் போங்கள். கேட்பதற்கு எட்டு வருஷம் இருக்கிறது; அலுவலகத்தார் பதில் சொல்லுவதற்கு அதில் எவ்வளவு வேண்டுமென்பதை அனுபவம் உள்ளவர்கள் அறிவார்கள்.