ஆற்றோரம் ஒரு கால்வாய்

ஆறு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது, அதன் கரையோரமாகவே ஒரு கால்வாயை ஏன் வெட்ட வேண்டும்? அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனை ஒட்டி ஓடும் பொட்டோமாக் ஆற்றின் வரைபடத்தைப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி எழும். ஆற்றின் வடகரையில், அது வளையும் இடங்களில் எல்லாம் தானும் வளைந்தபடி, 297 கிலோமீட்டருக்கு ஒரு கால்வாய் செல்கிறது. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும் சாலையைவிட இது சற்றே குறைவான தூரம். இதன் பெயர் செசபீக் ஓஹாயோ கால்வாய்.

கேள்விக்கான விடை ஆற்றிலேயே இருக்கிறது. பொட்டோமாக் அகலமான ஆறுதான். ஆனால் படகுக்கு ஏற்ற ஆறு அன்று. வாஷிங்டனுக்குச் சற்று மேலே, 'பெரும் அருவி' எனப்படும் இடத்தில், ஒரு மைலுக்கும் குறைவான தொலைவுக்குள் அது 23 மீட்டர் கீழிறங்குகிறது. மற்ற இடங்களிலும் பாறைகள் தலைநீட்டும். கோடையில் நீர் வற்றிப் படகு தரைதட்டும். மழைக்காலத்தில் வெள்ளம் படகையே அடித்துச் செல்லும்.

அமெரிக்காவின் முதல் அதிபரான ஜார்ஜ் வாஷிங்டன் இந்தச் சிக்கலை நன்கு அறிந்திருந்தார். அப்பலேச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே வாழும் மக்களையும் கிழக்குக் கடற்கரையையும் வணிகத்தால் இணைக்காவிட்டால் புதிய நாடு ஒன்றாக நிலைக்காது என்பது அவர் எண்ணம். 1785இல், அதிபராவதற்கு முன்பே, இந்த ஆற்றைச் சீர்படுத்தும் நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார். அருவிகள் உள்ள இடங்களில் மட்டும் சிறு கால்வாய்களை வெட்டி, மற்ற இடங்களில் ஆற்றிலேயே படகு விடுவது அவர்களின் திட்டம். பெரும் அருவியைச் சுற்றிச் செல்லும் கால்வாய் 1802இல்தான் முடிந்தது. வாஷிங்டன் 1799இலேயே காலமாகிவிட்டார். அப்பாடுபட்டும், ஆண்டின் பெரும்பகுதியில் படகுப் போக்குவரத்து நடக்கவில்லை. ஆறு தன் விருப்பப்படி ஏறியும் இறங்கியும் ஓடியது.

ஆற்றை நம்பினால் ஆகாது என்பது இதனால் தெளிவாயிற்று. ஆற்றுக்குப் பக்கத்திலேயே, நீர்மட்டம் மாறாத வேறொரு நீர்வழி வேண்டும் என்று அடுத்த தலைமுறையினர் முடிவு செய்தனர். 1825இல் நியூயார்க் மாநிலத்தில் ஈரி கால்வாய் திறக்கப்பட்டு வணிகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதும் அவர்களை விரைவுபடுத்தியது.

1828ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அப்போதைய அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் மண்வெட்டியுடன் கால்வாய்ப் பணியைத் தொடக்கிவைத்தார். முதல் வெட்டே ஒரு வேரில் பட்டு மண்ணுக்குள் இறங்க மறுத்தது. மீண்டும் வெட்டினார், மீண்டும் இறங்கவில்லை. உடனே மேலங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு முழு வலிமையுடன் வெட்ட, கூட்டம் ஆரவாரித்தது.

அதே நாளில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலிருந்த பால்டிமோர் நகரில் மற்றொரு விழா நடந்தது. விடுதலைச் சாற்றுரையில் கையெழுத்திட்டவர்களுள் அன்று உயிரோடிருந்த ஒரே மனிதரான சார்ல்ஸ் கரோல், தம் 90ஆம் வயதில், பால்டிமோர் ஓஹாயோ இருப்புப்பாதைக்கு அடிக்கல் நாட்டினார். கால்வாயும் இரயிலும் ஒரே மேற்குத் திசையை நோக்கி ஒரே நாளில் புறப்பட்டன! மலைக்கும் ஆற்றுக்கும் இடையே வழி மிகவும் குறுகிய ஓரிடத்தில், முதலில் யார் செல்வது என்று இரு நிறுவனங்களும் நீதிமன்றம் வரை சென்றன. 1832இல் கால்வாய் வென்றது. ஆனால், வழக்கில் வென்ற கால்வாய் ஓட்டத்தில் தோற்றது. கம்பர்லாந்து நகரை இரயில் 1842இல் அடைந்தது. கால்வாய் அங்குப் போய்ச் சேர்ந்தது 1850இல். மலையைத் தாண்டி ஓஹாயோ ஆறுவரை செல்லும் திட்டம் அத்தோடு கைவிடப்பட்டது. 'ஓஹாயோ' என்பது பெயரில் மட்டும் எஞ்சியது.

இவ்வளவு காலம் ஏன் பிடித்தது? வேலை எல்லாம் மனிதக் கைகளாலும் வெடிமருந்தாலும் நடந்தது. அயர்லாந்திலிருந்து வந்தவர்களே தொழிலாளர்களில் மிகுதி. 1832இல் அவர்களின் குடிசைகளில் வாந்திபேதி பரவிப் பலரைக் கொன்றது. 1834இல் தொழிலாளர் குழுக்களுக்கிடையே மோதல் மூண்டபோது அரசு இராணுவத்தை அனுப்பியது. பா பா எனும் சிற்றூருக்கு அருகே, ஆற்றின் ஆறு மைல் வளைவுகளைத் தவிர்ப்பதற்காக மலையைக் குடைந்து 950 மீட்டர் நீளச் சுரங்கம் அமைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் முடியும் என்று 1836இல் தொடங்கிய அந்தப் பணி, பாறையாலும் பணத்தட்டுப்பாட்டாலும் தடைபட்டு, முடிய 14 ஆண்டுகள் ஆயின.

கடல்மட்டத்துக்கு அருகிலிருந்து தொடங்கும் இக்கால்வாய் கம்பர்லாந்தை அடைவதற்குள் 184 மீட்டர் உயர்கிறது. படகு எப்படி மேடேறும்? அதற்காகவே 74 நீர்ப்பூட்டுகள் கட்டப்பட்டன. நீர்ப்பூட்டு என்பது கல்லால் கட்டிய நீண்ட தொட்டி. அதன் இரு முனைகளிலும் இரட்டைக் கதவுகள் உண்டு. கீழிருந்து வரும் படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவுகளை மூடுவார்கள். மேற்கதவுகளில் உள்ள சிறு மடைகளைத் திறந்தால், மேற்புறக் கால்வாயின் நீர் தொட்டிக்குள் பாயும். நீர் உயர உயரப் படகும் உயரும். இருபுறமும் நீர்மட்டம் சமமானதும் மேற்கதவுகளைத் திறக்கலாம். படகு தன் வழியே செல்லும். இறங்கும் படகுக்கு இதையே தலைகீழாகச் செய்வார்கள். கதவுகள் நேர்கோட்டில் மூடாமல், நீர் வரும் திசையை நோக்கிக் கூம்பாகச் சேரும். அதனால் நீரின் அழுத்தமே அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இயந்திரமே இல்லாத இந்த ஏற்பாடு எனக்கு அச்சுரங்கத்தைவிடப் பெரிய வியப்பைத் தருகிறது.

படகுகளுக்கும் இயந்திரம் இல்லை. கரையோர இழுவைப்பாதையில் கோவேறு கழுதைகள் நடந்து, நீண்ட கயிற்றால் படகை இழுத்தன. நூறு டன்னுக்கு மேல் நிலக்கரி ஏற்றிய படகை இரண்டு மூன்று கழுதைகள் இழுத்துவிடும். நிலைநீரில் உராய்வு அவ்வளவு குறைவு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அவற்றுக்கு ஓய்வு கொடுத்து, படகிலேயே இருந்த தொழுவத்திலிருந்து வேறு கழுதைகளைப் பூட்டினார்கள். படகோட்டியின் குடும்பம் முழுவதும் படகில்தான் வாழ்ந்தது. மனைவி சமைப்பார், சுக்கான் பிடிப்பார். சிறுவர்கள் கழுதைகளோடு நாள்தோறும் பல கிலோமீட்டர் நடப்பார்கள். தவறி நீரில் விழாமல் இருக்கக் கைக்குழந்தைகளை மேல்தளத்தில் கயிற்றால் கட்டிவைப்பதும் உண்டு. குளிர்காலத்தில் கால்வாய் மூடப்பட்ட பிறகுதான் அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பள்ளிக்கூடம்.

1870களில் கால்வாய் செழித்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படகுகள் அதில் ஓடின. சுரங்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு படகுதான் செல்ல முடியும். எதிரெதிரே வந்த இரு படகோட்டிகள் பின்வாங்க மறுத்து நாட்கணக்கில் வழியை அடைத்ததாகவும், அதிகாரிகள் நெருப்பு மூட்டிப் புகையை உள்ளே விட்டு அவர்களை வெளியேற்றியதாகவும் ஒரு கதை வழங்குகிறது.

ஆனால் ஒரு பலவீனம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஆற்றை நம்பாமல் வெட்டப்பட்ட இக்கால்வாய்க்கு வேண்டிய நீர் பெரும்பாலும் அதே ஆற்றிலிருந்துதான் வந்தது. ஆற்றின் குறுக்கே தடுப்பணைகள் கட்டி, அங்கிருந்து நீரைத் திருப்பினார்கள். அதற்காகவே கால்வாய் ஆற்றை விட்டு விலகாமல் அருகிலேயே ஓட வேண்டியிருந்தது. அருகில் இருப்பதை வெள்ளம் விடுமா? 1889இல் வந்த பெருவெள்ளம் கரைகளை உடைத்து, பூட்டுகளைச் சிதைத்து, நிறுவனத்தையே கடனில் மூழ்கடித்தது. அதைப் பழுதுபார்த்து நடத்தும் பொறுப்பு, வேடிக்கையாக, பழைய போட்டியாளரான இரயில் நிறுவனத்திடமே சென்றது. கால்வாய் நிலம் வேறோர் இரயில் நிறுவனத்தின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதே அதன் அக்கறை. 1924இல் மீண்டும் வெள்ளம் வந்தபோது படகுப் போக்குவரத்து நின்றுபோனது.

1938இல் அரசு கால்வாயை 20 இலட்சம் டாலருக்கு வாங்கியது. பின்னர் அதன் வழியே கார்களுக்கான சாலை அமைக்கும் திட்டம் எழுந்தது. 1954இல் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அதற்குப் பதில் கடிதம் எழுதி, கால்வாயோரம் தம்முடன் நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுமாறு ஆசிரியரை அழைத்தார். அவ்வாண்டு மார்ச் மாதம் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கம்பர்லாந்திலிருந்து நடக்கத் தொடங்கினர். முழுத் தூரத்தையும் கடந்தவர்கள் டக்ளஸ் உட்பட ஒன்பது பேர் மட்டுமே. நாளிதழ் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. சாலைத் திட்டம் நின்றது. 1971இல் கால்வாய் முழுவதும் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது.

இன்று அதன் பெரும்பகுதியில் நீர் இல்லை, மரங்கள் வளர்ந்துவிட்டன. கழுதைகள் நடந்த இழுவைப்பாதையில் மக்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். பொட்டோமாக் கரைபுரளும்போது பாதையின் சில பகுதிகள் அரித்துச் செல்லப்படுகின்றன. வெள்ளம் வடிந்த பிறகு பணியாளர்கள் மண்ணும் கல்லும் கொட்டி அவற்றைச் செப்பனிடுகிறார்கள்.