கடைக் கம்ப்யூட்டரும் விட்டுவிட்டு வரும் வைஃபையும்

நமது வட்டாரத்தில் இன்று பில் போடும் கம்ப்யூட்டர் இல்லாத மொத்தக் கடை அநேகமாக இல்லை. 2018 ஏப்ரல் 1 முதல் 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு வெளிமாநிலம் செல்வதற்கும், அதே ஆண்டு ஜூன் 2 முதல் தமிழகத்திற்குள் செல்வதற்கும் (இங்கு வரம்பு 1 லட்சம்) ஈ-வே பில் கட்டாயமாயிற்று. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேற்பட்டவர்கள், ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லை ஈ-இன்வாய்ஸாகவே போட வேண்டும். ஆக, தராசு எப்படியோ அப்படியே இன்டர்நெட்டும் கடைக்கு வேண்டிய பொருளாகிவிட்டது.

சத்திரப்பட்டி பாண்டேஜ் துணி ஏற்றிய லாரி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போக ராஜபாளையத்தில் தயாராக நிற்கிறது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பில் இல்லாமல் வண்டியை அனுப்பி வழியில் பிடிபட்டால், 129-ஆம் பிரிவின்படி அபராதம் வரித் தொகையைப் போல் இரு மடங்கு. இந்தப் பதற்றத்தில் சிலர் ரூட்டரை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். வேறு சிலர் கனெக்ஷன் கம்பெனியையே மாற்றிவிடுகிறார்கள். மாற்றிய பிறகும் அதே தொல்லை இருந்தால், கோளாறு வேறு இடத்தில் என்று பொருள்.

‘நெட் சரியில்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. வெளியிலிருந்து கடைக்கு வரும் லைன் ஒன்று. ரூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே உள்ள காற்றுவழி இரண்டாவது. கம்ப்யூட்டரே மூன்றாவது. எது என்று தெரியாமல் எதற்கும் பணம் செலவழிக்கக் கூடாது.

கண்டுபிடிப்பது சுலபம். செல்போனில் மொபைல் டேட்டாவை அணைத்து, வைஃபையை மட்டும் வைத்துக்கொண்டு ரூட்டர் பக்கத்தில் நின்று பாருங்கள். அங்கேயே வரவில்லை என்றால் லைன்தான் கோளாறு. ஃபைபர் லைனாக இருந்து, பெட்டியில் ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கம்பியில் ஒளி வரவில்லை. சாலை தோண்டியதில் அறுந்திருக்கலாம். அதற்குக் கம்பெனியில் புகார் செய்வதைத் தவிர நாம் செய்ய ஒன்றுமில்லை. ரூட்டர் பக்கத்தில் நன்றாக வந்து, பில் போடும் மேஜையருகே போனிலும் வராவிட்டால் காற்றுவழி. போனில் இரண்டு இடத்திலும் நன்றாக வந்து கம்ப்யூட்டரில் மட்டும் வராவிட்டால் கம்ப்யூட்டர்.

இன்னும் திட்டமாகத் தெரிய வேண்டுமானால் ‘பிங்’ என்றொரு சோதனை உண்டு. கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கறுப்புத் திரையில், பிங் என்று அடித்து, இடம் விட்டு, ரூட்டரின் எண்ணை அடிக்க வேண்டும். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரூட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். பதில் ஒழுங்காக வந்தால் காற்றுவழி சரி. அடுத்து 8.8.8.8 என்ற எண்ணுக்கு அடித்து, அது மட்டும் விட்டுவிட்டு வந்தால் லைனில் குற்றம். இதை ஒரு தாளில் நேரத்தோடு எழுதி வைத்துக்கொண்டு புகார் செய்தால், சர்வீஸ் ஆள் ‘எங்கள் பக்கம் எல்லாம் சரி’ என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

கடைகளில் காற்றுவழிதான் அதிகம் கெடுகிறது. வீட்டைப் போல அல்ல கடை. இரும்பு ஷட்டர், இரும்பு ராக், அடுக்கிய எண்ணெய் டின்கள் ஆகிய எல்லாம் ரேடியோ அலையைத் தடுத்துத் திருப்பிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடை என்றால் குளிர்பதனப் பெட்டிகள் வேறு. சரக்கு வந்து இறங்கிய அன்று நெட் மந்தமாகி, விற்றுத் தீர்ந்ததும் தானே சரியாகும் கடைகள் உண்டு. இது மாயம் அல்ல.

போதாததற்குப் பழைய கம்ப்யூட்டரின் பெட்டி மேஜைக்கு அடியில் இருக்கும். வைஃபைக்கென்று வாங்கிய விரல்நுனி அளவு யு.எஸ்.பி. டாங்கிள் அதன் பின்புறம், சுவரைப் பார்த்தபடி செருகியிருக்கும். ஒரு மீட்டர் யு.எஸ்.பி. நீட்டிப்பு வயர் வாங்கி, டாங்கிளை மேஜை மேல் கொண்டுவந்து வைத்தாலே பாதிக் கடைகளில் தொல்லை தீர்ந்துவிடும் என்பது நமது எண்ணம். பக்கத்துத் துளையில் நீல நிற யு.எஸ்.பி. 3 இணைப்பில் ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இடைஞ்சல் தரும். நீட்டிப்பு வயர் அதையும் குறைக்கும்.

பழைய டாங்கிள்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே வேலை செய்பவை. கடைத்தெருவில் எல்லாக் கடை வைஃபையும் அங்கேதான் முட்டி மோதுகின்றன. ஒன்றன்மேல் ஒன்று படாத சானல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். ரூட்டரில் இவற்றுள் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புது ரூட்டர் மாட்டிய பிறகு பழைய கம்ப்யூட்டர் சேரவே மறுத்தால், ரூட்டரில் டபிள்யூ.பி.ஏ. 3 மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். டபிள்யூ.பி.ஏ. 2-ஐயும் அனுமதித்தால் சேர்ந்துவிடும்.

கம்ப்யூட்டரின் கோளாறு என்றால் முதலில் பார்க்க வேண்டியது தேதி. மதர்போர்டில் நாணயம் போல ஒரு 3 வோல்ட் பாட்டரி (சி.ஆர். 2032) இருக்கிறது. அது தீர்ந்துபோனால், இரவு மெயினை அணைத்துக் காலையில் போடும்போது கம்ப்யூட்டர் ஏதோ பழைய ஆண்டைக் காட்டும். தேதி தவறானால் ஜி.எஸ்.டி. தளம், பேங்க் தளம் எதுவும் பாதுகாப்புச் சான்று சரியில்லை என்று திறக்காது. வைஃபை குறி மட்டும் முழுதாக இருக்கும்! விலை குறைந்த ஒரு பாட்டரிக்காக ரூட்டரையே மாற்றுவது நஷ்டம்.

அடுத்து, மின்சாரம் மிச்சம் பிடிக்க விண்டோஸ் தானே டாங்கிளை உறங்கவைப்பது. வாடிக்கையாளர் இல்லாத அரைமணி நேரத்திற்குப் பின் நெட் அறுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மெண்ட் பக்கத்தில் உள்ள டிக் குறியை எடுத்துவிட வேண்டும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மைக்ரோசாப்ட் அதன் பராமரிப்பை 2020 ஜனவரி 14-இல் நிறுத்திவிட்டது. 2023 முதல் குரோம் உலாவியின் புதிய பதிப்புகளும் அதற்கு வருவதில்லை. சில தளங்கள் திறக்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பேங்க் வேலைகளை அந்தக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு கேட்கத் தோன்றும்: இடம் விட்டு நகராத கம்ப்யூட்டருக்குக் காற்றுவழி எதற்கு? எவ்வளவு பழைய கம்ப்யூட்டரானாலும் பின்புறம் லேன் துளை இருக்கும். கேட்-5ஈ அல்லது கேட்-6 வயர் 100 மீட்டர் வரை சரியாக வேலை செய்யும். ரூட்டரிலிருந்து பில் மேஜைக்கு ஒரு வயர் இழுத்துவிட்டால் சானலும் ஷட்டரும் எண்ணெய் டின்னும் நம்மை ஒன்றும் செய்யாது. குடோனுக்கும் அப்படியே. கரண்ட் வயர் போகும் அதே பைப்பில் மட்டும் அதைச் செலுத்தக் கூடாது. எலி கடிக்காமல் தனிப் பைப்பில் போட வேண்டும். சிக்னலை எட்டச்செய்யும் ரிப்பீட்டர் விற்பார்கள். சாதாரண வகைகள் ஒரே அலையில் வாங்கி அதே அலையில் அனுப்புவதால் வேகம் பாதியாகும். வயர் இழுக்க வழியே இல்லாத கட்டடத்திற்கு மட்டும் அது.

லைனே போய்விட்ட நாளுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜ் வயரால் கம்ப்யூட்டரில் இணைத்து, யு.எஸ்.பி. டெதரிங் என்பதைப் போட்டால் போனின் நெட் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். போனில் உள்ள சிம், லைன் தரும் கம்பெனியல்லாத வேறொன்றாக இருக்கட்டும். ஈ-வே பில் தளத்தில் நுழைய 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் ஓ.டி.பி. கட்டாயம் என்பதால், பதிவு செய்த எண் உள்ள போன் முதலாளியோடு வெளியூர் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் இருப்பவருக்குத் துணைப் பயனர் கணக்கு ஏற்படுத்தி, அவர் எண்ணையே அதில் பதிந்துவிடலாம்.

ஆலங்குளம் அன்பர்களுக்குத் தனியே ஒன்று. தென்காசிப் பக்கமும் ஓர் ஆலங்குளம் இருக்கிறது. தளம் தூரத்தைப் பின்கோடு கொண்டு கணக்கிடுகிறது; 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது பில்லின் ஆயுள். நெட் வந்த அவசரத்தில் பின்கோட்டைத் தவறாக அடித்துவிடாதீர்கள்.