பிரபுவின் கேடயம்

தாம்பரம் பக்கம் குடியிருக்கிறீர்களா? அப்படியானால் பள்ளிக்கூடம் விட்டதும் உங்கள் வீட்டுப் பிள்ளை எங்கே ஓடுவான் என்று நான் சொல்லத் தேவையில்லை. மட்டையும் பந்துமாக ஏதாவதொரு மைதானத்துக்கு! அங்கே அவனிடம், "நீ ஆடலாம், சாப்பாட்டுக்கு மட்டும் மரத்தடிக்குப் போய்விடு" என்று யாராவது சொன்னால் உங்கள் மனம் என்ன பாடுபடும்? சேப்பாக்கத்தில் இந்திய ஆட்டக்காரர்களை அப்படி நடத்திய காலம் ஒன்று இருந்தது.

அந்த மனப்பான்மையை உருவமாகப் பார்க்க வேண்டுமானால் லார்டு ஹாரிஸைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்துக் கோஷ்டிக்குத் தலைமை வகித்து ஆடியவர். 1890 முதல் 1895 வரை பம்பாய் கவர்னர். நமக்கு அவர் முழு அந்நியரும் அல்ல. எழும்பூரில் ரயிலை விட்டிறங்கிப் புதுப்பேட்டைப் பக்கம் போனால் கூவத்தின் மேல் ஹாரிஸ் பாலம் வருகிறதல்லவா? அது அவருடைய தகப்பனார் பெயர். 1854 முதல் 1859 வரை சென்னை கவர்னராக இருந்தவர். 1856-ல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது அவர் காலத்தில்தான். கொள்ளுத் தாத்தாவோ, 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை வீழ்த்திய படைக்குத் தளபதி.

பரம்பரை போகட்டும், மகனின் மகிமையைக் கேளுங்கள். பம்பாயில் இந்திய வாலிபர்கள் கிரிக்கெட் ஆடிய மைதானத்திலேயே வெள்ளைக்காரர்கள் குதிரையேறிப் போலோ ஆடினார்கள். குளம்பு பட்ட தரை குண்டும் குழியுமாயிற்று. பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யார் கண்டது? போலோவை வேறிடத்துக்கு மாற்றும்படி ஏராளமானோர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். துரை நிராகரித்துவிட்டார். வெள்ளைக்காரர்களுக்குத் தனி மைதானம் வேறு இருந்தது என்பதையும் மறந்துவிடாதீர்கள்! 1893-ல் பம்பாயில் பயங்கரக் கலவரம் மூண்டபோது கவர்னர் பூனா அருகே தங்கியிருந்தார். ஒன்பதாம் நாள்தான் திரும்பினார்; அதுவும் கிரிக்கெட் பந்தயத்துக்காகத்தான் என்று இன்றும் சொல்கிறார்கள்.

வெள்ளையருக்குள்ள பொறுமையும் உறுதியும் இந்தியருக்குக் கிடையாது என்பது அவர் அபிப்பிராயம். அவர் கவர்னராக இருந்தபோதே, 1892-ல், லார்டு ஹாக் தலைமையில் வந்த இங்கிலாந்துக் கோஷ்டியைப் பார்ஸிகள் பம்பாயில் தோற்கடித்தார்கள். அபிப்பிராயம் அசையவில்லை! 1896-ல் லார்ட்ஸ் டெஸ்டுக்கு ரஞ்சித் சிங்ஜியைச் சேர்க்காததற்கும் இவரே காரணம் என்பார்கள். ரஞ்சி அடுத்த டெஸ்டில், மான்செஸ்டரில், 62-ம், ஆட்டமிழக்காமல் 154-ம் எடுத்தார். இதில் வேடிக்கை, ஹாரிஸ் பிரபுவும் இங்கிலாந்தில் பிறந்தவரல்ல. பிறந்தது டிரினிடாட் தீவில்!

இதே காலத்தில் அமெரிக்காவில் ஆன்ஸன் என்ற பேஸ்பால் வீரர் இருந்தார். சிகாகோ கோஷ்டியின் தலைவர், நிர்வாகி. நீக்ரோ ஆட்டக்காரர் இருந்தால் களத்தில் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தவர். அங்கே பெரிய பந்தயங்களில் அந்தக் கதவு ஜாக்கி ராபின்ஸனுக்குத் திறக்க 1947 ஆகிவிட்டது.

நம் சென்னை அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. மரத்தடி அவமானத்தைச் சகிக்காத புச்சிபாபு நாயுடு, 1888-லேயே மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கிவிட்டார். வெள்ளையரும் இந்தியரும் எதிரெதிரே நின்று ஆடும் பிரஸிடென்ஸி பந்தயத்துக்கும் ஏற்பாடு செய்தார். 1908-ல் அந்தப் பந்தயம் நடந்தபோது பாவம், அவர் உயிரோடு இல்லை.

ஹாரிஸ் 1932 மார்ச்சில் காலமானார். அவ்வருஷம் ஜூனில் ஸி. கே. நாயுடுவின் தலைமையில் இந்தியா லார்ட்ஸ் மைதானத்தில் முதல் டெஸ்ட் ஆடியது. பம்பாய்ப் பள்ளிப் பிள்ளைகளின் பந்தயத்துக்கு மட்டும் ஹாரிஸ் கேடயம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1988-ல் டெண்டுல்கரும் காம்ப்ளியும், மீசை முளைக்காத பையன்கள், ஜோடி சேர்ந்து 664 ஓட்டங்கள் குவித்தார்களே, அது அந்தக் கேடயத்துக்காகத்தான்!